பளி: சீம்பாலை ஆவியில் கட்டவைக்கும் குஜராத்தி இனிப்பு

சீம்பால் கிடைத்தாயிற்று, செய்முறையும் கையில் இருக்கிறது, அளவும் பிசகவில்லை. ஆனாலும் ஒருமுறை தண்ணீராகவே நிற்கிறது, இன்னொரு முறை ரப்பர்போல இழுக்கிறது. பளி செய்கிறவர்கள் பெரும்பாலும் அடுப்பைத்தான் குறை சொல்வார்கள். குறை அங்கே இல்லை. ‘ஒரு பங்கு சீம்பாலுக்கு ஒரு பங்கு பால்’ என்று எழுதிவைக்கும் செய்முறைகள், அது கன்று ஈன்றபின் எத்தனையாவது கறவை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. முதல் கறவைக்கும் மூன்றாம் கறவைக்கும் நடுவில் ஒரே நாள்தான் இடைவெளி. ஆனால் சட்டியில் அவை இரண்டும் இரண்டு வேறு பொருள்கள். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பெயரை முதலில் சரிசெய்துகொள்வோம். ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற ‘ப’, அதோடு நம் ‘ளி’. ஆங்கில எழுத்தில் ‘பலி’, ‘பரி’ என்றெல்லாம் எழுதப்படுவது இதே பண்டம்தான். மராட்டியர் இதைக் கர்வஸ் என்பார்கள், தெலுங்கில் ஜுன்னு, கன்னடத்தில் கிண்ணு. நம் வீடுகளில் சீம்பாலை வெல்லம் போட்டு அடுப்பில் கிளறி, பொலபொலவென்று திரியவிட்டுச் சாப்பிடுவது உண்டு. இட்லிப் பானையில் வைத்து எடுப்பவர்களும் உண்டு. குஜராத்திப் பளியில் கிளறலே கிடையாது. தோக்ளா அவிக்கும் அதே தட்டில் ஊற்றி, அசையாமல் ஆவியில் கட்டவைத்து, குங்குமப்பூவும் ஏலமும் ஜாதிக்காயும் மணக்க, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டித் தருவார்கள்.

பசும்பாலில் செய்தால் பளி பூசணிப்பூ மஞ்சளில் வரும். எருமைப்பாலில் செய்தால் தந்த வெண்மை. எருமை தன் தீவனத்திலுள்ள மஞ்சள் சத்தை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிட்டுத்தான் பாலில் விடுகிறது. பசு ஒரு பகுதியை அப்படியே விட்டுவிடுகிறது. கிர், காங்கரேஜ் பசுக்களும் ஜாஃபராபாதி, மேசாணி, சூர்த்தி எருமைகளும் உள்ள மாநிலம் குஜராத், ஆகவே இரண்டு நிறமும் அங்கே இயல்பு. வெளுத்த பளியைப் பார்த்து மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

ஏன் கட்டுகிறது

சாதாரணப் பாலை எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் கட்டாது, ஆடைதான் படியும். பாலின் புரதத்தில் பெரும்பங்கு கேசீன். அது சூட்டுக்கு அசையாது, புளிப்புக்குத்தான் மசியும். சீம்பாலில் கேசீனைத் தவிர, கன்றுக்கு நோய் எதிர்ப்பைக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின்களும் ஆல்புமினும் ஏராளம். இவை முட்டை வெள்ளைக்கருவைப்போலச் சூட்டில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவே நீரைப் பிடித்துவைத்து உறைகின்றன. 70 டிகிரி செல்சியஸை ஒட்டி இறுகத் தொடங்கி, 80 டிகிரிக்குள் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். பளியைப் பார்த்து ‘இதில் முட்டை உண்டா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: முட்டை இல்லை, முட்டை செய்யும் வேலையைப் பாலே செய்கிறது.

ஹோல்ஸ்டீன் பசுக்களில் அளந்த கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கறவையில் புரதம் சுமார் 14 சதவீதம். இரண்டாவதில் 8.4. மூன்றாவதில் 5.1. பிறகு மெல்ல இறங்கி 3 சதவீதத்தை ஒட்டிய சாதாரணப் பாலாகிவிடும். நாட்டு மாட்டுக்கும் எருமைக்கும் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும், இறங்குகிற போக்கு ஒன்றுதான். வாயில் கரைந்தும் கத்திக்கு நின்றும் வருகிற பளிக்குக் கலவையில் 6.5 முதல் 7 சதவீதம் வரை புரதம் இருந்தால் போதும். அப்படியானால் 1 லிட்டர் கலவைக்கு அளவு இப்படி அமையும்:

முதல் கறவை: 350 மி.லி. சீம்பால், 650 மி.லி. பால்.
இரண்டாம் கறவை: 650 மி.லி. சீம்பால், 350 மி.லி. பால்.
மூன்றாம் கறவை: 1 லிட்டர் சீம்பால், பாலே சேர்க்க வேண்டாம். கொஞ்சம் இளக்கமாகத்தான் கட்டும்.

நான்காம் கறவைக்குப் பிறகு தனியாக வைத்தால் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பதம்தான் வரும், வெட்ட வராது. பால்பவுடரைக் கொட்டிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். பலன் இருக்காது; பவுடரில் இருப்பதும் கேசீன்தான், கெட்டியாகுமே தவிர உறையாது. முதல் கறவையில் ஒரு டம்ளரை உறையவைத்து வைத்திருந்தால் அதைக் கலப்பதுதான் சரியான வழி.

கேட்டு வாங்க வேண்டியவை

கடைப் பாக்கெட்டில் சீம்பால் வராது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் பாலுக்குச் சொல்லும் இலக்கணத்திலேயே அது சீம்பால் கலவாததாக இருக்க வேண்டும் என்றிருக்கிறது. காரணமும் உண்டு: பால்பண்ணையின் சூடாக்கும் தகடுகளில் சீம்பால் பட்டால் அங்கேயே கட்டிப் படிந்துவிடும். 1946-ல் கேடா மாவட்டத்தில் தொடங்கிய கூட்டுறவின் வழியே ஊர் ஊராகக் காலையும் மாலையும் பாலைச் சங்கத்துக்கு ஊற்றும் மாநிலம் குஜராத். அங்கே கன்று ஈன்ற வீட்டில் இந்தச் சில நாள் பால் மட்டும் சங்கத்துக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கும். பளி வீட்டுப் பண்டமாகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே மாடு வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி கன்றைப் பற்றியதாக இருக்கட்டும். பிறந்த கன்றின் உடலில் நோய் எதிர்ப்பு கிடையாது. தாயின் சீம்பாலிலிருந்துதான் அது வர வேண்டும். அதை உறிஞ்சிக்கொள்ளும் வழி குடலில் ஏறக்குறைய ஒரு நாளில் மூடிக்கொள்கிறது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர், முதல் 24 மணி நேரத்தில் உள்ளே போயிருக்க வேண்டும். அதில் பாதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுவது நல்லது. கன்று வயிறாரக் குடித்தபின் மடியில் மிஞ்சுவதுதான் நமக்கு. மிச்சம் இல்லை என்றால் இரண்டாம் கறவைக்குக் காத்திருங்கள். பளிக்கு அதுவும் நன்றாகவே போதும்.

இரண்டாவது, எத்தனையாவது கறவை. ‘நேற்று ஈன்றது’ என்ற பதில் போதாது. காலையில் ஈன்றதா, ராத்திரியா, அதன்பின் எத்தனை தடவை கறந்தார்கள் என்று கேளுங்கள். கன்று எவ்வளவு ஊட்டியது என்பதும் சேர்த்திதான். ஊட்டிய ஒவ்வொரு முறையும் மடியில் புதுப்பால் இறங்கி, இருப்பது இளகும்.

மூன்றாவது, மருந்து. பால் வற்றும் காலத்தில் மடிநோய் வராமலிருக்க மடிக்குள் ஆன்டிபயாட்டிக் குழாய் மருந்து ஏற்றும் வழக்கம் இருக்கிறது. மாடு கணக்குக்கு முந்தி ஈன்றுவிட்டால் அந்த மருந்து சீம்பாலில் மிச்சமிருக்கும். மருந்து ஏற்றிய தேதியும் எத்தனை நாள் பாலை எடுக்கக் கூடாது என்று உறையில் அச்சிட்ட விலக்கு நாள் கணக்கும் தெரியாவிட்டால் அந்தப் பாலை எடுக்காதீர்கள்.

பாத்திரத்தில் வாங்கியதும் கரண்டியால் அள்ளி ஊற்றிப் பாருங்கள். முதல் கறவை பால்போலக் கொட்டாது. தேன்போல நூலிட்டு, மடிப்பு மடிப்பாக விழும். இரண்டாம் கறவை வடித்த கஞ்சியின் ஓட்டம். மூன்றாவது, கொழுத்த பால். கறந்தவர் சொன்ன கணக்கும் இந்த ஓட்டமும் ஒத்துப்போகாவிட்டால் ஓட்டத்தை நம்புங்கள். இளஞ்சிவப்பு ஓடியிருந்தாலோ, திப்பித் திப்பியாகவோ சளிபோல இழையாகவோ வந்தாலோ மடியில் கோளாறு, ஒதுக்கிவிடுங்கள். பச்சையாக ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்க வேண்டாம். புருசெல்லா போன்ற கிருமிகள் பச்சைப்பால் வழியே மனிதருக்கு வரும்.

பொருள்கள், 1 லிட்டர் கலவைக்கு

சீம்பாலும் பாலும் மேலே சொன்ன கணக்கில். சேர்க்கும் பால் கொழுப்பு நிறைந்ததாக இருக்கட்டும். 6 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் பால் மிகப் பொருத்தம். காய்ச்சி, முழுக்க ஆறவைத்தது. வெதுவெதுப்பாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். சூடான பாலைச் சீம்பாலில் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே இழை இழையாகத் திரியும். அதை வடிகட்டித் தூக்கி எறிந்தால், கட்ட வேண்டிய புரதத்தைத்தான் தூக்கி எறிகிறீர்கள்.

சர்க்கரை 150 கிராம். குளிரவைத்துத் தருவதாக இருந்தால் 170. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, கட்டுமானத்தையும் மெத்தென்று ஆக்குகிறது. 100 கிராமுக்குக் கீழே போனால் பளி விறைப்பாக வரும். 200-ஐத் தாண்டினால் இறுக நேரம் எடுத்து, நடுவில் தளதளவென்று நிற்கும். வெல்லம் என்றால் 170 கிராம், பொடித்து, சேர்க்கும் பாலில் ஒரு டம்ளரை எடுத்து அதில் சூடு இல்லாமல் கரைத்து, துணியில் வடித்துக்கொள்ளுங்கள். அடுப்பில் வைத்துக் கரைத்தால் வெல்லத்தின் புளிப்பில் பால் திரிந்துவிடும்.

ஏலக்காய்த்தூள் 1 தேக்கரண்டி. ஜாதிக்காய் துருவியது கால் தேக்கரண்டி. இதைத் தவிர்க்க வேண்டாம், சீம்பாலுக்கென்று உள்ள கனத்த வாசனையை அடக்குவது ஏலத்தைவிட ஜாதிக்காய்தான். குங்குமப்பூ 15 இழை, ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து ஆறவிட்டது. மேலே தூவச் சீவிய பாதாமும் பிஸ்தாவும், கிடைத்தால் ஒரு தேக்கரண்டி சாரப்பருப்பும். தட்டுக்குத் தடவ நெய் அரைத் தேக்கரண்டி. உப்பு வேண்டாம். சீம்பாலில் தாது உப்புகள் கூடுதல், லேசான கரிப்பு அதிலேயே இருக்கும்.

முதலில் ஒரு கிண்ணம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு முழு மாட்டின் சீம்பாலும் வீணாவதும் பிழைப்பதும் இங்கேதான்.

சீம்பால் முழுவதையும் ஒரேயடியாகக் கலக்காமல், ஒரு டம்ளர் அளவைத் தனியே எடுத்துவையுங்கள். மீதியில் பாலையும் சர்க்கரையையும் அதே விகிதத்தில் கலந்து, சர்க்கரை கரைந்தபின், இரண்டு மேசைக்கரண்டி எடுத்துச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, கிண்ணத்தை உள்ளே வைத்து மூடுங்கள். 7 நிமிடம். எடுத்து, 5 நிமிடம் ஆறவிட்டு, கிண்ணத்தைச் சாயுங்கள்.

ஓரம் பிரிந்து, முழு வில்லையாக மெல்ல நகர்ந்து, விரல் வைத்தால் லேசாக அமுங்கி மீண்டால் கலவை சரி. கரண்டியால் வெட்டினால் வெட்டிய முகம் பளபளவென்று, நீர் கோக்காமல் இருக்கும். தயிர்போலத் தளும்பி, வெட்டிய இடத்தில் நீர் ஊறினால் கலவை நீர்த்திருக்கிறது; எடுத்துவைத்த டம்ளரிலிருந்து 100 மி.லி. சீம்பாலைச் சேருங்கள். வில்லை விறைப்பாகத் துள்ளி, பல்லில் நறநறவென்று உரசினால் கலவை கெட்டி. லிட்டருக்கு 100 மி.லி. ஆறிய பால் சேருங்கள். திருத்தியபின் இன்னொரு கிண்ணம் வைத்துப் பாருங்கள். நான்கு மேசைக்கரண்டிதான் செலவு. சர்க்கரை இல்லாமல் சோதித்தால் விறைப்பான முடிவு வந்து உங்களை ஏமாற்றும், அதனால் சர்க்கரை போட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

செய்முறை

சர்க்கரையைக் கரைக்கும்போது முட்டை அடிப்பதுபோல அடிக்க வேண்டாம். மரக்கரண்டியைப் பாத்திரத்தின் அடியிலேயே வைத்துச் சுற்றுங்கள். சீம்பால் எளிதில் நுரைக்கும்; உள்ளே போன காற்றுக்குமிழ் வெளியே வராது, கட்டியபின் ஊசிக்குத்துப்போலத் தெரியும். கரைந்ததும் குங்குமப்பூப் பாலைச் சேர்த்து, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுங்கள்.

தட்டு ஓரம் உயர்ந்த, அடி தட்டையான எவர்சில்வர் தட்டாக இருக்க வேண்டும். 18 முதல் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தட்டுகள் 1 லிட்டர் கலவைக்குச் சரியாக இருக்கும். கலவை 2 சென்டிமீட்டர் உயரம் நின்றால் போதும், இரண்டரைக்கு மேல் ஊற்றவே கூடாது. ஆழம் கூடினால் நடு இறுகும் முன் ஓரம் வெந்து முற்றிவிடும். குஜராத்தி வீடுகளில் தோக்ளியு என்ற அடுக்குப் பாத்திரம் இருக்கும். நம் வீட்டில் இட்லிப் பானைக்குள் ஒரு பிரிமணையோ சின்னத் தாங்கியோ வைத்து அதன்மேல் தட்டை வைக்கலாம். குக்கர் என்றால் வெயிட் போடக் கூடாது. அழுத்தத்தில் ஆவி 100 டிகிரியைத் தாண்டிவிடும், பளி பஞ்சாகிவிடும்.

தட்டுக்கு நெய்யைத் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். பானையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கொதித்தபின்தான் தட்டு உள்ளே போக வேண்டும். முதலில் வெறும் தட்டைச் சமமாக நிறுத்திவிட்டு, அதன்பின் கலவையை ஊற்றுவது நல்லது. நிரம்பிய தட்டைத் தூக்கி வைக்கும்போது சிந்துவதும் சாய்வதும் மிச்சம். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டி மூடுங்கள். மூடியில் திரளும் நீர் பளிமேல் சொட்டினால் அம்மைத் தழும்புபோலக் குழி விழும், அந்த இடம் சப்பென்றும் இருக்கும்.

மூடியதும் தீயைக் குறையுங்கள். தண்ணீர் சிணுங்கிக்கொண்டிருக்க வேண்டும், தளபுள என்று குதிக்கக் கூடாது. மூடியின் ஓரத்தில் மெல்லிய ஆவி இழையாக வந்தால் அதுவே அளவு. ஆவி சீறி வந்தால் மூடியை ஒரு தீக்குச்சி அளவுக்குத் தூக்கி வையுங்கள்.

எட்டாவது நிமிடம் ஒருமுறை திறக்க வேண்டும். மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோல் படிந்திருக்கும், அடியில் இன்னும் ஆடும். ஏலமும் ஜாதிக்காயும் பாதாம், பிஸ்தா, சாரப்பருப்பும் இப்போதுதான் தூவ வேண்டும். தொடக்கத்திலேயே கலந்தால் தூள் எல்லாம் அடியில் போய்ப் படிந்து, வெட்டும்போது கீழே ஒரு கறுத்த கோடாக நிற்கும், பருப்பும் மூழ்கிவிடும். சட்டென்று தூவி உடனே மூடுங்கள்.

அடுத்த 10 நிமிடம் கழித்துத் தட்டின் விளிம்பை இடுக்கியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல், நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு மட்டும் சன்னமாக நடுக்கம் ஓட வேண்டும். அலையடித்தால் இன்னும் 3 நிமிடம். மெல்லிய கத்தியை நடுவில் விட்டால் பால் ஒட்டாமல் ஈரமாக மட்டும் வர வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 80 டிகிரி வந்ததும் நிறுத்திவிடலாம். கிருமிகளுக்கும் அந்தச் சூடு போதும். 85-க்கு மேல் போக விட வேண்டாம். மொத்தத்தில் ஒரு தட்டுக்கு 18 முதல் 24 நிமிடம். டம்ளரிலோ கிண்ணத்திலோ ஆழமாக ஊற்றினால் 35 நிமிடம்வரை ஆகும்.

அடுக்கில் இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் கீழ்த்தட்டு 4, 5 நிமிடம் முந்தும். ஒவ்வொன்றாக வைப்பதே நிம்மதி. காத்திருக்கும் கலவையைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஊற்றும் முன் ஒரு சுற்று மெல்லக் கலக்கினால் போதும்.

அடுப்பை அணைத்ததும் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். பானைக்குள்ளேயே விட்டால் மிச்சச் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஆறவைத்து, ஓரத்தைக் கத்தியால் சுற்றி விடுவித்து, ஈரக் கத்தியால் சாய்கோடுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். சூட்டோடு வெட்டினால் துண்டு உடையும், உள்ளே பிடித்து வைத்திருந்த நீரும் வெளியேறிவிடும். வெதுவெதுப்பில் சாப்பிட்டால் மணம் தூக்கலாக இருக்கும். இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் துண்டின் முனைகள் கூர்மையாக நிற்கும். எங்கள் ஓட்டு குளிர்ந்ததற்கு.

எங்கே தவறும்

தட்டில் மஞ்சள் நீர் தேங்கி, பளி சுருங்கி நடுவில் மிதக்கிறது என்றால் தீ அதிகம். புரத வலை அளவுக்கு மீறி இறுகி, பிடித்த நீரைப் பிழிந்து தள்ளியிருக்கிறது. இதைத் திரும்ப இளக்க முடியாது. நீரை வடித்துவிட்டு, பளியை உதிர்த்து, நெய்யில் சர்க்கரையோடு புரட்டினால் வேறொரு நல்ல இனிப்பாகிவிடும். லேசாக நீர் கோப்பது மறுநாள் எல்லாப் பளிக்கும் உண்டு, அதற்குக் கவலை வேண்டாம்.

வெட்டிய முகத்தில் இட்லிபோலத் துளைகள் இருந்தால் இரண்டு காரணம். ஊசிமுனைத் துளைகள் சீராகப் பரவியிருந்தால் கலக்கும்போது புகுந்த நுரை. பெரிய துளைகள் ஓரத்திலும் அடியிலும் மட்டும் இருந்தால் கொதி. அந்த இடத்தில் கலவையே கொதித்து ஆவியாகக் கிளம்பியிருக்கிறது.

அரை மணி நேரம் ஆகியும் கட்டவில்லை. முதலில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் சீம்பாலின் பலம் போதவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் அவித்தாலும் பயனில்லை. வெளியே எடுத்து ஆறவைத்து, எடுத்துவைத்த சீம்பாலைச் சேர்த்து, வடிகட்டி மறுபடி வைக்கலாம். வழவழப்பு கொஞ்சம் குறையும். சீம்பாலே இல்லையென்றால் அடுப்பில் கிளறிச் சுண்டவைத்துப் பால்கோவா பதத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

மேலே ஒரு கொழுப்பு அடுக்கு, கீழே வெளிர் அடுக்கு என்று பிரிந்து நிற்பது எருமைச் சீம்பாலில் வரும். பாத்திரத்தில் நெடுநேரம் நின்ற சீம்பாலைக் கலக்காமல் மேலோடு ஊற்றியதால் வருவது அது.

வாசனை கனத்து, கறவை நெடி அடித்தால் பால் கறந்து நேரம் ஆகிவிட்டது என்று பொருள். ஏலத்தை இரட்டிப்பாக்கி மறைக்கப் பார்க்காதீர்கள். முகர்ந்ததும் புளிப்பு தட்டினால் அதைச் சமைக்கவே வேண்டாம்.

வைத்துக்கொள்ள

பச்சைச் சீம்பாலை வாங்கிய உடனே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் சமைத்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் ஃபிரீசர். 250 மி.லி. வீதம் தடித்த பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, பலகைபோலத் தட்டையாகப் படுக்கவைத்து உறையவையுங்கள். சில மாதம் தாங்கும். பையின்மேல் தேதியோடு எத்தனையாவது கறவை என்பதையும் எழுதிவிடுங்கள். உறைந்தபின் ஓட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இளக்கும்போது பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் நடு ஐஸாக இருக்கும்போதே ஓரம் வெந்து கட்டிவிடும்.

செய்த பளி மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் 3 நாள் நன்றாக இருக்கும். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. இளகும்போது நீர் பிரிந்து பஞ்சாகிவிடும்.

சீம்பால் கிடைக்காத வீட்டில்

சீம்பால் இல்லாமலும் சில வழிகள் உண்டு. சீம்பால் பவுடர் கிடைத்தால் அதுவே அசலுக்கு அருகில் வரும், ஏனென்றால் கட்டுகிற புரதம் அதில் இருக்கிறது. பாக்கெட்டில் போட்ட அளவில் ஆறிய பாலில் கரைத்து, அதே கிண்ணச் சோதனையைச் செய்து பாருங்கள். பிராண்டுக்குப் பிராண்டு பலம் மாறும்.

அடுத்தது கண்டென்ஸ்டு மில்க். 400 கிராம் டின் ஒன்று, அந்த டின் அளவிலேயே கொழுப்புப் பால், நீர் வடித்த புளிக்காத தயிர் 300 கிராம், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. தயிரைக் கட்டியில்லாமல் மசித்து, மற்றதைச் சேர்த்து, வடிகட்டி, பளியைப்போலவே குறைந்த தீயில் 25 நிமிடம். சர்க்கரை வேண்டாம், டின்னிலேயே இருக்கிறது. இங்கே கட்டவைப்பது தயிரின் புளிப்பு. தயிரை நீர் வடிக்காமல் போட்டால் கலவை நீர்த்துத் தோற்றுவிடும். ஆவியில் கட்டவைக்கும் வங்காளத்து இனிப்புத் தயிரான பாபா தோய்க்கு நெருங்கிய உறவு இது. சுவை நன்றாக இருக்கும். ஆனால் பளியின் வழவழப்புக்குப் பதில் பாலாடைக்கட்டியின் கிரீம்தன்மைதான் கிடைக்கும்.

சைனா கிராஸ் வைத்துச் செய்வதும் உண்டு. 10 கிராமைத் துண்டாக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடிபோலக் கரையும்வரை தனியே கொதிக்கவிட்டு, சர்க்கரையும் குங்குமப்பூவும் போட்டுக் காய்ச்சிய 1 லிட்டர் சூடான பாலில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பால் ஆறியிருந்தால் ஊற்றிய இடத்திலேயே இழையாக உறையும்; சீம்பாலுக்கு நேர் எதிரான விதி. ஆவியே தேவையில்லை, ஆறினாலே கட்டும். பல்லில் நறுக்கென்று உடையும், பளிபோல இழையாது. விரதத்துக்கும் வெயில்காலத்துக்கும் ஏற்றது, ஏலத்தை மட்டும் தாராளமாகப் போடுங்கள்.